ஜமுனாபாரி ஆட்டுக்கு என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் பாலுக்காக ஜமுனாபாரி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவுக்காரர்களுக்கும் பொருந்தும், காற்றும் வெயிலும் நமக்குப் பொதுதானே.

இந்த ஆடு உத்தரப்பிரதேசத்தில் எட்டாவா மாவட்டம் சக்கர்நகர் பக்கத்து ஆடு. யமுனைக்கும் சம்பலுக்கும் நடுவில் மண் அரித்துக் கிடக்கிற ஓடைக்காடு, முள்மரம், வறண்ட காற்று, அதுதான் அதன் ஊர். வளைந்த மூக்கு, கிளி அலகு மாதிரி வாய், ஒரு அடி நீளத்துக்குத் தொங்கும் காது, பின்னங்காலில் அடர்ந்த முடி, நெட்டைக் கால். சொந்த மண்ணிலேயே தூய இனம் அருகிவருகிறது. மதுரா பக்கம் மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் தனி மந்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சந்தையில் காது நீளத்தைக் காட்டி ஜமுனாபாரி என்று விற்பதில் பாதிக்கு மேல் கலப்பு. உங்களிடம் இருப்பது உண்மையிலேயே நல்ல இனம் என்றால், அதைக் கேரளத்து நாட்டு இனமான தலச்சேரி ஆட்டைப் பார்ப்பது மாதிரி பார்க்கக் கூடாது. தலையைத் தூக்கித் தின்று பழகிய ஆடு இது. கீழே வரும் கோளாறுகளில் பல இதை மறந்ததால் வருபவை.

படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

இடது பக்க வயிறு பறை மாதிரி உப்பி ஆடு மூச்சுக்குத் திணறுவது, மடியின் ஒரு பக்கம் சில்லிட்டு நீலம் பாய்வது, குட்டி போடும் வலி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் ஒன்றும் வராமல் இருப்பது, தழை தின்ற கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளித் துடிப்பது, மூக்கு வாய் கண் எல்லாம் ஒழுகிக் காய்ச்சலோடு கழிவது. இதில் எது இருந்தாலும் 1962-க்குப் போன் போடுங்கள், கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு இதே எண்தான். வண்டி வருவதற்குள் நாமே செய்யக்கூடியது இருந்தால் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் ஆட்டுக்கு 102-லிருந்து 103.5 டிகிரி பாரன்ஹீட் வரை சரி, உச்சி வெயிலில் கொஞ்சம் கூடும். அப்புறம் இடுப்பெலும்புக்கு முன்னால் இடது பக்கக் குழியில் கைமுஷ்டியை அழுத்தி வையுங்கள். இரைப்பை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உருண்டு கையைத் தள்ளும். தள்ளவே இல்லை என்றால், வெளியே வேறு எது தெரிந்தாலும் கோளாறு வயிற்றில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பாருங்கள்.

"வாங்கி வந்ததிலிருந்து சரியாத் தின்ன மாட்டேங்குது"

அதிகம் கேட்கிற கேள்வி இது, பயப்பட வேண்டாத கேள்வியும் இதுதான். அசை போடுகிறது, புழுக்கை உருண்டையாக விழுகிறது, காய்ச்சல் இல்லை, ஆனால் வெட்டிப்போட்ட புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்றால் அதற்கு நோய் எதுவும் இல்லை. தரையில் கிடப்பதை அந்த வாயமைப்பால் கொறித்துத் தின்பது கஷ்டம். தழையைக் கட்டாகக் கட்டி ஆட்டின் கண் உயரத்துக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ தொங்கவிடுங்கள். நம் பக்கம் பலா இலைக்குப் பஞ்சமில்லை, அதுவே முதல் தேர்வு. முருங்கை, அகத்தி, கிளுவை, வாகை, புளியந்தழை, வேம்பு என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரே தழையை நாள் முழுக்கப் போட்டால் மூன்றாம் நாள் சலித்துக்கொள்ளும். மழையில் நனைந்த தழை, மண் பட்ட தழை, வேறு ஆடு மிதித்த தழை இந்த மூன்றையும் தொடாது. அதைக் கொழுப்பு என்று நினைத்துப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், உடம்புதான் இறங்கும்.

சவுண்டல் (சூபாபுல்) நிறைய வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதில் இருக்கிற மைமோசின் என்ற நஞ்சால் முடி கொட்டும்.

வந்த ஆட்டை ஒரு மாதம் தனியே கட்டுங்கள். பயணத்தில் களைத்த ஆட்டுக்குத்தான் ஆட்டுக்கொல்லி நோய் (PPR, மேலே சொன்ன மூக்கு வாய் கண் ஒழுகிக் கழிவது இதுதான்) சுலபமாக ஏறும், அது பட்டிக்குள் வந்தால் ஒன்றோடு நிற்காது. நான்கு மாதம் கடந்த குட்டிக்கு ஒரு தடுப்பூசி போட்டால் மூன்று வருடம் தாங்கும்.

"பால் திடீர்னு குறைஞ்சிருச்சு"

மருந்துக் கடைக்குப் போகும் முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் தண்ணீர். கறவை ஆடு ஒரு நாளைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், பங்குனி சித்திரையில் இன்னும் கூட. தொட்டியில் பாசி பிடித்திருந்தால், தண்ணீர் வெயிலில் கொதித்திருந்தால் இந்த ஆடு குடிக்காமலேயே நிற்கும். நிழலில் வைத்து, காலை மாலை மாற்றுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்து, ஒரு காம்பில் குறைந்ததா இரண்டிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் மடிநோய்ப் பகுதிக்குப் போங்கள். இரண்டிலும் குறைந்து, ஆடு வாலை ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தால் பருவத்துக்கு வந்திருக்கிறது, இரண்டு நாளில் தானாகத் திரும்பும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாரக்கணக்கில் குறைந்தால் குடற்புழுவாக இருக்கலாம், சினை பிடித்திருக்கலாம், அல்லது கறவைக் காலமே முடிகிறதாக இருக்கலாம். குட்டி போட்டு ஆறேழு மாதம் ஆன ஆட்டிடம் முதல் மாதத்துப் பாலை எதிர்பார்க்க முடியாது.

அடர்தீவனக் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீனி) கணக்கு: உடம்புக்கு 250 கிராம், அதன்மேல் கறக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் 300 முதல் 400 கிராம். நல்ல ஜமுனாபாரி நல்ல தீவனத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் கறக்கும். நான்கு லிட்டர் கறக்கும் என்று சொல்லி விற்றிருந்தால், கோளாறு ஆட்டிடம் இல்லை.

"மடி சூடா இருக்கு, பால் திரிதிரியா வருது"

ஒவ்வொரு கறவைக்கும் முதல் இரண்டு பீச்சை ஒரு கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் மடிநோயை ஒரு நாள் முன்னாடியே பிடித்துவிடலாம். கறுப்பில் வெள்ளைத் திரி பளிச்சென்று தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டு கிண்ணத்தில் இரண்டு காம்புப் பாலையும் தனித்தனியாக எடுத்து, சம அளவு சோப்புத்தூள் கரைசல் ஊற்றிச் சுழற்றுங்கள். எது கொழகொழவென்று கட்டிப்படுகிறதோ அந்தப் பக்கம் நோய். ஆட்டுப்பாலில் செல்கள் இயல்பிலேயே மாட்டுப்பாலை விட அதிகம், அதனால் இரண்டு கிண்ணமும் லேசாகக் கட்டிப்பட்டால் பதற வேண்டாம், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே கணக்கு.

ஜமுனாபாரிக்கு மடி பெரிது, காம்பு கூம்பு மாதிரி தடித்துக் கீழே இறங்கி நிற்கும். முள்வேலி தாண்டினால், பரண் (உயரத்தில் பலகை அடித்த ஆட்டுக் கொட்டகை) ஏறும்போது பலகை உரசினால் காம்பில் கீறல் விழும், நோய் அந்தக் கீறல் வழியாக உள்ளே போகிறது. அதனால் காம்பின் நுனியை விரலால் தடவிப் பார்ப்பது தினசரி வேலையாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொருக்குகூட விரலில் தட்டும்.

ஆரம்ப நிலையில், ஆடு நன்றாகத் தின்றுகொண்டு காய்ச்சல் இல்லாமல் இருந்தால், சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது நல்ல பலன் தருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இது, தேசிய பால்வள வாரியமும் எடுத்துச் சொல்கிறது. மாட்டுக்கு ஒரு நாள் அளவு கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். ஆட்டு மடிக்கு அதில் கால்வாசி போதும். பாலை முழுக்கப் பீச்சிவிட்டு, மடியைக் கழுவித் துடைத்து, விழுதைத் தண்ணீரில் நெகிழ்த்தி மடி முழுக்கப் பூசுங்கள், ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை. காலையில் ஒரு தடவை பூசிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, தீவனம் எடுக்காமல் விட்டாலோ, பாலில் ரத்தம் தெரிந்தாலோ பூச்சு மட்டும் போதாது, ஊசி வேண்டும். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டு, அத்தனை நாளும் அந்தப் பாலைக் கீழே ஊற்றுங்கள். பச்சைக் குழந்தைக்கு என்று நம்பித்தானே ஆட்டுப்பால் வாங்க வருகிறார்கள்.

"பால் வாடை அடிக்குதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க"

கிடா பக்கத்தில் கட்டியிருக்கிறதா? கொம்புக்குப் பின்னால் இருக்கிற சுரப்பிதான் அந்த வீச்சத்துக்குக் காரணம், பருவக் காலத்தில் கிடா தன் மேலேயே மூத்திரம் பெய்துகொள்வது வேறு. காற்றடிக்கிற திசை பார்த்து, கறவை இடத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும், மார்கழியில் கிழக்கே இருந்து அடிக்கும், இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

கிடா இல்லாமலும் வாடை வந்தால் கறந்த பாலை எவ்வளவு நேரம் வெளியே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். வடிகட்டி, பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கி, சீக்கிரம் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். குலுக்கக் கூடாது. பைக்கில் மேடு பள்ளத்தில் குலுங்கிப் போன பாலில் கொழுப்பு உடைந்து அந்த ஆட்டு வாடை தூக்கலாகிவிடும். குடிப்பதற்கு முன் காய்ச்ச வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம், பட்டியில் ஏதாவது ஆடு குட்டி வீசியிருந்தால் (கரு கலைந்திருந்தால்) கட்டாயம்.

"வயிறு உப்பிக்கிட்டு நிக்குது"

மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

காலையில் பனியோடு பசுந்தழை, பயறுக்கொடி தின்ற ஆடு, இடது பக்கம் மட்டும் உப்பி, தட்டினால் டம் டம் என்று சத்தம்: காற்று. 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெயோ தேங்காயெண்ணெயோ கொடுத்து, முன்கால் மேட்டில் நிற்கும்படி பிடித்து, இடது வயிற்றை நீவிவிடுங்கள். ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது. முகம் தரைக்குச் சமமாக இருக்கட்டும், கடைவாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் விடுங்கள். அவசரப்பட்டு நுரையீரலில் எண்ணெய் இறங்கிச் செத்த ஆடுகள் நிறைய.

கல்யாண வீட்டுச் சோறு, கஞ்சி, மாவு, பலாச்சுளை, அரிசி மூட்டை அவிழ்ந்ததைத் தின்றது: அமிலம். இங்கே வயிறு காற்றடைத்து இருக்காது, தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளதளக்கும். ஆடு பல்லை நறநறவென்று கடிக்கும், புளிச்ச வாடையோடு கழியும், நடை தள்ளாடும். நம் பக்கம் வீட்டில் மிஞ்சியதை ஆட்டுக்குப் போடுவது பாசத்தில் செய்வது, பலா சீசனில் கேட்கவே வேண்டாம். ஆனால் மாவுச்சத்து மொத்தமாக இறங்கினால் இரைப்பையில் அமிலம் ஏறி ஒரே நாளில் ஆடு படுத்துவிடும். சமையல் சோடா 15 கிராம் அளவு தண்ணீரில் கரைத்து மெல்லக் கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும். அடர்தீவனத்தை நிறுத்தி, இரண்டு நாள் வைக்கோலும் காய்ந்த தழையும் மட்டும்.

மூன்றாவது, கப்பை இலை. மரவள்ளி பிடுங்கின காட்டில் ஆடு புகுந்தால் நிமிடக்கணக்குதான் அவகாசம். பச்சை இலையிலிருந்து சயனைடு வெளிப்படும், மூச்சு வாங்கும், ஈறு நல்ல சிவப்பாகத் தெரியும், விழுந்து துடிக்கும். எண்ணெயும் கைவைத்தியமும் இதற்கு வேலைக்காகாது. நஞ்சை முறிக்கிற ஊசி டாக்டரிடம் இருக்கிறது, போனில் சொல்லும்போதே "கப்பை இலை தின்றுவிட்டது" என்று சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருவார். பூக்காத சோளப்பயிரிலும், வறட்சியில் வாடி மழைக்குப் பிறகு துளிர்த்த சோளத்திலும் இதே நஞ்சு உண்டு. நன்றாக வெயிலில் சருகாகக் காய்ந்த கப்பை இலையில் வெகுவாகக் குறைந்துவிடும். பாதி வாடியதை நம்பிப் போடாதீர்கள்.

"தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது"

ரத்தம் குடிக்கிற புழு. கண்ணின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் வேறு காரணம் தேட வேண்டும், வெளிர் ரோஜா என்றால் மருந்து வேண்டும், வெள்ளையாக இருந்தால் இன்றைக்கே வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன் புழுக்கையை மிருகாசுபத்திரியில் கொடுத்துப் பரிசோதனை செய்வது நல்லது, ஏனென்றால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழுவுக்கு அது பழகிப்போகும். பல மருந்துகள் வெள்ளாட்டின் உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடுவதால் செம்மறியாட்டு அளவு போதாது, ஆனால் சிலவற்றில் அளவு கொஞ்சம் மீறினாலே ஆபத்து, அதனால் எடை சொல்லி அளவை டாக்டரிடமே கேளுங்கள். சினை ஆட்டுக்கு முதல் ஒன்றரை மாதம் ஆல்பெண்டசோல் வேண்டாம். பனி காயும் முன் புல்லில் விடாமல் இருப்பதும், தழையைத் தொங்கவிட்டுத் தீனி போடுவதும் எந்த மருந்தையும் விடப் பெரிய தடுப்பு. புழுக்குஞ்சு புல்லின் அடியில்தான் இருக்கும், தலைக்கு மேல் தொங்குகிற பலா இலையில் இருக்காது.

"குட்டி தேறவே மாட்டேங்குது"

குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும், முதல் நாளுக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு. மூன்று கிலோ குட்டி என்றால் 300 மில்லி, பல தடவையாக. தாயின் காம்பு தடிமனாக இருப்பதால் பிறந்த குட்டியின் வாய்க்குள் நுழையாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். குட்டி மடியைச் சுற்றிச் சுற்றி முட்டுவதைப் பார்த்துப் பால் குடிக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது, வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டி இருந்தால் பீச்சிப் பாட்டிலில் கொடுங்கள். தட்டில் ஊற்றினால் இரண்டு காதும் பாலில் விழுந்து, ஈ மொய்த்து, புண்ணாகும்.

இருமல், மூக்கொழுகல் என்றால் பட்டியில் குட்டி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதுதான் காரணம், மூத்திர வாடை நுரையீரலைக் கெடுக்கிறது. மழைக்காலத்தில் இந்த இனத்துக் குட்டிகளைக் காப்பாற்றுவது பரண்தான். பலகை இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் குட்டியின் கால் மாட்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆன குட்டி ரத்தத்தோடு கழிந்தால் ரத்தக் கழிச்சல், அதற்குத் தனி மருந்து உண்டு, புழு மருந்து கேட்காது.

"காதுல புண்", "நொண்டுது"

காது வேலிக் கம்பியில் கிழியும், ஆறும், ஈ முட்டை வைக்காமல் வேப்பெண்ணெய் தடவிவிடுங்கள். நொண்டினால் குளம்புக்கு நடுவில் முகர்ந்து பாருங்கள், அழுகல் வாடை என்றால் குளம்பைச் சீவி, 10 சதவீத ஜிங்க் சல்பேட் கரைசலில் சில நிமிடம் நிற்க வையுங்கள்.

"சினை நிக்கல"

தலச்சேரி ஆடு ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தாமதமாகத்தான் தெரியும். ஜமுனாபாரிப் பெட்டையை ஒன்றரை வயதில், உடம்பு தேறிய பிறகு சேர்ப்பதே சரி, பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். பருவம் 21 நாளுக்கு ஒரு தடவை, ஒன்று ஒன்றரை நாள் இருக்கும். காலையில் கத்த ஆரம்பித்தால் மாலையில் சேர்க்கலாம். சேர்த்த தேதியை எழுதி வைத்தால் 150 நாள் கணக்கு தெரியும், கடைசி ஒன்றரை இரண்டு மாதம் பாலை வற்றவிடவும் முடியும். சினையின் கடைசி மாதத்தில் கொழுத்த ஆடு தீனி மறுத்துத் தனியாக நின்று, வாயில் ஒரு தித்திப்பு வாடை வந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து நஞ்சாகிறது என்று பொருள், அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து பருவத்துக்கு வந்தும் நிற்கவில்லை என்றால் கிடாவைச் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்தில் நல்ல ஜமுனாபாரிக் கிடா விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது, அதனால் ஒரே கிடாவைத் தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் சேர்க்கிறார்கள். குட்டி சிறுத்துப் பிறப்பது, தாடை கோணுவது, சினை தங்காமல் போவது எல்லாம் அதில்தான் தொடங்கும். "சேனன் கிடா போடுங்கண்ணா, பால் கூடும்" என்று ஆலோசனை வரும், சேனன் என்பது வெளிநாட்டுப் பால் ஆட்டு இனம். பால் கூடலாம், ஆனால் இரண்டு தலைமுறையில் உங்களிடம் ஜமுனாபாரி இருக்காது, அதை மறுபடி உண்டாக்கவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தூரத்துப் பண்ணையோடு கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள், விற்க வேண்டாம், மாற்றிக்கொண்டால் போதும். வரும்போதே தாய் தகப்பன் விவரமும் தாயின் கறவையும் எழுதி வாங்கி, காதின் அடிப்பக்கத்தில் டேக் போட்டு, ஒரு மாதம் தனியே கட்டிப் பார்த்துவிட்டுப் பட்டிக்குள் விடுங்கள். நுனியில் டேக் போட்டால் அந்த நீளக் காதில் முதல் வாரமே வேலியில் மாட்டிக் கிழித்துக்கொள்ளும்.